கஸ்பாரின் கறுப்பு வயர்

கஸ்பாருக்குக் கோபம் மூக்கு நுனியில் உட்கார்ந்திருக்கும். பத்து காஜா என்ற ஊருக்குப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவன். ஈப்போவுக்கு வந்து வாரம் முழுக்க வீட்டு வயரிங், ஞாயிறானால் மாதா கோயிலில் மைக் வேலை. கோயில் மண்டபச் சாவியும் அவன் கையில்தான். அவன் சண்டை போடாத ஆள் சபையில் யாராவது உண்டென்றால் அது பாதிரியார்தான். ஆனாலும் கிறிஸ்துமஸ் கச்சேரியைப் பதிவு செய்கிற நாற்காலி வருடா வருடம் அவனுக்கே. அதில் உட்கார்ந்தால்தான் அவன் மனிதன்.

இந்த வருடம் அந்த நாற்காலிக்கு நைஜல் வந்து சேர்ந்தான். பாடகர் குழுவை நடத்தும் அகதாவின் அக்கா மகன், கோலாலம்பூரில் ஒலிப்பதிவு படித்தவன். கையில் புத்தம்புது நீல மைக் வயர். கஸ்பாருடையதோ அவனே ஈயம் வைத்து ஒட்டிய கறுப்பு வயர், உடம்பெல்லாம் டேப்.

"அண்ணே, இதை வச்சா லைவ் ரெக்கோடிங் பண்றீங்க? கொரகொரன்னு கேக்கும்லா."

"உன் நீலக் கயித்துல ஆட்டைக் கட்டுடா, போ!"

"சண்டை வேணாம். ரெண்டையும் போட்டுக் கேப்போம்" என்றாள் அகதா.

காலி மண்டபத்தில் ஒரே பாட்டை இரண்டு வயரிலும் பதிந்தார்கள். அகதா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை என்றாள். கண்ணைத் திறந்தாள், நீலத்தைக் காட்டினாள்.

"ஜனங்க முன்னாடி பார்க்க நல்லா இருக்கணும் கஸ்பார். இந்தத் தடவை நைஜல் பண்ணட்டும். நீ மேடைக்கு ஒத்தாசையா இரு."

அடப்பாவமே, காதைக் கொடுத்துக் கேட்டாளா, கண்ணைக் கொடுத்துக் கேட்டாளா! கஸ்பார் தன் கறுப்பு வயரைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான்.

கச்சேரி அன்று நைஜல் தே தாரிக் டீ குடிக்கப் போன நேரம். கஸ்பார் மேடைக் கம்பளத்துக்கு அடியில் தன் கறுப்பு வயரை ஓட்டி மைக்கில் மாட்டினான். நீல வயர் கம்பளத்தின்மேல் அலங்காரமாகக் கிடந்தது, எதிலும் மாட்டாமல்; முனைகளை மட்டும் கம்பளத்துக்கு அடியில் ஒளித்துவிட்டான். மண்டபம் நிறைந்தது, பாடினார்கள், ஜனங்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

எல்லாரும் போனபின் மேடையிலேயே பதிவைப் போட்டுக் கேட்டார்கள். கண்ணாடி மாதிரி சுத்தம். அகதாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"பார்த்தீங்களா சித்தி? நல்ல வயருன்னா இப்படித்தான்" என்றான் நைஜல்.

வாயை மூடிக்கொண்டு போயிருக்கலாம். கஸ்பாரா போவான்? கம்பளத்தைச் சரக்கென்று உருவினான்.

"நல்லா பாருடா! பாடினது என் வயரு! உன்னுது சும்மா படுத்துக் கெடந்துச்சு!"

நைஜல் குனிந்து நீல வயரின் முனையைத் தேடி எடுத்துப் பார்த்தான். அகதா கறுப்பு வயரைப் பார்த்தாள், அப்புறம் கஸ்பாரைப் பார்த்தாள். அவள் பாராட்டப்போகிறாள் என்றுதான் நினைத்தான், மடையன்.

"யாருகிட்டயும் சொல்லாம மாத்திட்டியா? அத்தனை ஜனம் முன்னாடி ஒரே தடவை பாடுறோம். இது நடுவுல அந்து போயிருந்தா?"

"அந்து போகலையே அக்கா! நீங்களே கேட்டீங்களே!"

"கேட்டேன். உன் வயரு நல்ல வயருதான், ஒத்துக்கறேன். உன்னைத்தான் இனிமே நம்ப முடியாது."

"அக்கா..."

"மண்டபச் சாவியை நைஜல்கிட்ட கொடு. அடுத்த வருஷம் டிக்கெட் வாங்கிட்டு வந்து உக்காந்து கேளு."