சேற்றில் நின்றதற்கு அரைப்பேர்

தை மாதம், மன்னார்க் கடலோரக் களப்பில் பறவை எண்ணக் கண்டியிலிருந்து வேனில் போயிருந்தோம். எனக்குச் சோடியாக வாய்த்தவர் ஹேவாஹெட்டப் பக்கத் தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்வு பெற்றவர். காதை மூடிய கம்பளித் தொப்பி, கக்கத்தில் குடை. தோட்டத்தில் முழுநாள் வேலைக்கு முழுப்பேர், பாதி நாளுக்கு அரைப்பேர் என்று பதிவில் போடுவார்கள். அதே பழக்கத்தில் பறவைகளுக்கும் போட்டார்: விடியும்போதே நின்றவற்றுக்கு முழுப்பேர், பிந்தி வந்திறங்கியவற்றுக்கு அரைப்பேர்.

பூநாரைகளைக் கிட்டப் பார்க்கும் ஆசையில் நான் வரம்பை விட்டு இறங்கினேன். முழங்கால்வரை சேறு இழுத்துக்கொண்டது. ஐம்பத்திரண்டு வயதில் கதை முடிந்தது என்று தீர்மானித்தேன். மனைவிக்குச் சொல்லக் கடைசி வார்த்தை தேடினால், அலுமாரிச் சாவி இருக்கும் இடம்தான் ஞாபகம் வந்தது.

“ஐயா, நான் போறேன் ஐயா!”

அவர் பைனாகுலரை இறக்கவில்லை. “கத்தாதீங்க தம்பி, எல்லாம் பறந்துரும். இன்னும் கொஞ்சந்தான்.”

வாயை மூடிக்கொண்டேன். முதலில் கால் விறைத்தது, பிறகு பயமும் விறைத்துப்போனது. எண்ணி முடித்து, கொப்பியில் எழுதிவிட்டுத்தான் குடைக் கைப்பிடியை நீட்டி இழுத்தார்.

“செத்திருந்தா?”

“முழங்காலுக்கு மேல போகலயே. பாத்துக்கிட்டுதானே இருந்தேன்.”

“எனக்கு என்ன பேரு ஐயா?”

“பாதி நேரம் சேத்துல நின்னுட்டீங்க. அரைப்பேருதான்.”

கால் விறைப்பு, திரும்பும் வழியில் கண்டிக்குக் கிட்ட வத்தேகம வந்துதான் தெளிந்தது. அந்த மனிதர் என் முழங்காலை எப்போது பார்த்தார் என்பது மட்டும் இன்னும் விளங்கவில்லை. பைனாகுலர் ஒருமுறைகூட என் பக்கம் திரும்பவில்லை.