சொற்களைக் கலைத்துப் போட்ட கோடை

“ஏம் புள்ள, நீயே இப்பத்தான் பன்னெண்டு முடிச்சிருக்கே. நீ எம்மகளுக்குப் படிக்கச் சொல்லித் தரப் போறியாக்கும்?”

தொண்ணூறுகளின் கடைசியில், திண்டுக்கல் பக்கத்து அகரத்தில் எங்கள் பக்கத்து வீட்டு அக்கா கேட்டது இது. மல்லிகைத் தோட்டத்தில் பூப்பறிக்கப் போகிறவர். அவர் மகள் ஒன்றாம் வகுப்பை முடித்தும் ஒரு சொல்கூடப் படிக்க வராமல் இருந்தாள். கோடை விடுமுறைக்குள் படிக்கத் தொடங்காவிட்டால் பள்ளியை நிறுத்தித் தோட்டத்துக்குக் கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தார். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அந்தப் பெருமையில், விடுங்கள் அக்கா, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று ஏற்றுக்கொண்டேன்.

பெரிய அட்டையில் இருபது சொற்களை எழுதி எங்கள் வீட்டுச் சுவரில் மாட்டினேன். அம்மா, நான், வா, இங்கே, இல்லை, பூ, தண்ணீர் என்று தினமும் வாயில் வருபவை. பத்தே நாளில் மேலிருந்து கீழாகக் கடகடவென்று சொன்னாள். அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். மடியில் பூவோடு வந்தவர், கட்டுகிற கையை நிறுத்தாமல் கேட்டார்.

“அவ சன்னலைப் பாத்துல்ல சொல்றா. இம்புட்டுத்தானா? நானே சொல்லுவேன், கேளு.”

அட்டைக்கு முதுகைக் காட்டியபடி பன்னிரண்டு சொற்களை வரிசை மாறாமல் சொன்னார். பத்து நாளும் எங்கள் சத்தம் அவர் வீட்டுக்குக் கேட்டிருக்கிறது. கையெழுத்துப் போடத் தெரியாதவருக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. மகள்தான் முதலில் சிரித்தாள்.

அன்று சாயங்காலமே அட்டையைக் கழற்றிச் சொல் சொல்லாக வெட்டினேன். சீட்டாட்டம் போல தினமும் கலைத்துப் போட்டோம். முதல் வாரம் ‘வா’வும் ‘பூ’வும் மட்டுமே பிடிபட்டன. ‘இங்கே’யைப் பார்த்தால் அழுகை வரும். அதை இரண்டு நாள் ஒளித்துவைத்து, பிறகு மெல்ல உள்ளே விட்டேன்.

பள்ளி திறக்க நாலு நாள் இருக்கையில் அக்காவே வந்தார். சீட்டுகளை வாங்கித் தன் கையால் கலைத்து, நாலை எடுத்துத் தரையில் வைத்தார். மகள் குனிந்து ஒவ்வொன்றிலும் விரலை வைத்தாள்.

“தண்ணீர். அம்மா. இல்லை. இங்கே.”

அக்கா என்னைப் பார்த்தார். சரிதான் என்று தலையசைத்தேன்.

“பள்ளிக்கூடத்துப் பாவாடை குட்டையாகிருச்சு. மடிப்பைப் பிரிச்சு விடணும்,” என்று எழுந்தார்.

நீயா சொல்லித் தரப் போகிறாய் என்று அவர் முதலில் கேட்டது நியாயமானதுதான் என்று எனக்கும் பட்டிருந்தது. திண்டுக்கல்லுக்குப் போய் ஆசிரியர் பயிற்சிக்கான விண்ணப்பம் வாங்கிவந்தேன். அவள் இரண்டாம் வகுப்புக்குப் போன அன்றே அதைத் தபாலில் சேர்த்துவிட்டேன்.