அவருக்கு அளக்காத அரிசி

எழுபதுகளில் ஒரு சோளகக் காற்றுக் காலம். மீன்பிடிக்கப் போன என் கணவரின் வள்ளம் மூன்று நாளாக நெடுந்தீவுக்குத் திரும்பவில்லை. கோயிலில் செபமாலையை நான்தான் முன்னின்று சொன்னேன். "மாதா கொண்டுவந்து சேர்ப்பா" என்று அழுதவர்களையும் தேற்றினேன்.

நாலாம் நாள் மத்தியானம் அவர் கரையிலிருந்து வீட்டுக்கு நடந்து வந்தார். காற்று வள்ளத்தை அனலைதீவில் ஒதுக்கிவிட்டதாம். "சரியான பசியப்பா" என்றபடி குசினிக்குள் போய்ப் பானையைத் திறந்தார். பிள்ளைகளும் நானும் சாப்பிட்டு முடித்த வெறும் பானை.

"எனக்கு வைக்கேல்லையோ?"

இரண்டாம் நாளே அவருக்குரிய சுண்டு அரிசியை அளக்காமல் விட்டிருந்தேன். வீணாய்ப் போகும் என்றுதான். நான் வடித்து வைத்திருந்த கஞ்சியைக் குடித்துவிட்டு அவர் படுத்தார்.

என் செபம்தான் அவரைக் கொண்டுவந்தது என்று ஊர் இன்றும் சொல்கிறது. அவர் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை.