பத்து நிமிஷம் ஓடுற வண்டி

என் வீட்டுக்காரர் கடைகளுக்கு ரொட்டி போடுறவர். விடியறதுக்கு முன்னாடியே பேக்கரிக்குப் போய் நாலு தட்டு ஏத்திக்கிட்டு, ஏழு மணிக்குள்ள முப்பத்திரண்டு கடைக்குப் போட்டாகணும். இருபது வருஷமா இதே பிழைப்பு. வலது முட்டி தேஞ்சு போனதால சைக்கிள்லயே ஒரு சின்ன இன்ஜினை மாட்டிக்கிட்டார். பெடலை நாலு மிதி மிதிச்சா இன்ஜின் பிடிச்சுக்கும், அப்புறம் காலுக்கு வேலையில்ல. அந்த இன்ஜின்தான் மூணு வாரமா எங்க உயிரை வாங்கிச்சு.

கிளம்பினா பத்து நிமிஷம் ஒழுங்கா ஓடும். அப்புறம் இருமி இருமி நின்னுடும். இவர் இறங்கி, டேங்க் மூடியைத் திறந்து பெட்ரோல் இருக்கான்னு பார்த்துட்டு மூடுவார். மறுபடி மிதிச்சா ஓடும், இன்னொரு பத்து நிமிஷம். சூடாகி நிக்குது, ஆறினா ஓடுதுன்னு இவரே முடிவு கட்டிட்டார். பெட்ரோல்ல ஆயிலைக் கூட்டிக் கலந்தார், புகைதான் கூடிச்சு. பிளக்கை மாத்தினார். கார்ப்புரேட்டரைக் கழட்டி என் சமையல் மேடையில பரப்பி வச்சார். வந்துச்சே எனக்குக் கோபம்! நீங்கள்லாம் எதுக்கு வண்டியைத் தொடுறீங்கன்னு கேட்டேன்.

நிக்கிற இடத்துலயெல்லாம் பாரத்தோட மிதிச்சு மிதிச்சு, சாயங்காலம் முட்டி வீங்கிக் கிடக்கும். நான் ஒத்தடம் கொடுத்துக்கிட்டே திட்டுவேன். எனக்கே என் வாய் அலுத்துப்போச்சு. வெள்ளிக்கிழமை காலையில பேக்கரி முதலாளி கூப்பிட்டுச் சொல்லிட்டாராம், சனிக்கிழமையும் லேட்டானா அந்த ரூட் வேன்காரனுக்குத்தான்னு.

அன்னிக்கு மத்தியானம் வாசல்ல ஸ்டாண்ட் போட்டு, பெடலை எப்படியோ மிதிச்சு இன்ஜினை ஓடவிட்டுட்டு, காலை நீட்டி உட்கார்ந்தார். வழக்கம்போல நின்னுது. அவரால எழுந்திருக்க முடியல. மூடியைத் திறந்து பெட்ரோல் பார்க்கச் சொன்னார். திறந்தேன். புஸ்ஸுன்னு டேங்க் காத்தை உள்ள இழுத்துச்சு. மூடியைப் பார்த்தேன். நடுவுல இருக்கிற பொடி ஓட்டையில, அழுக்கேறி மூடியோட மூடியா ஒட்டிக்கிடந்துச்சு என் துணி சோப்பு.

மூணு வாரத்துக்கு முன்னாடி, ரொட்டியில பெட்ரோல் வாடை அடிக்குதுன்னு ரெண்டு கடைக்காரங்க திருப்பி அனுப்பியிருந்தாங்க. அந்த ஓட்டை வழியாத்தான் வாடை வருதுன்னு, பெரிய புத்திசாலி மாதிரி நான்தான் சோப்பைக் குழைச்சு அடைச்சேன். அடைச்சதையும் மறந்துட்டேன். உள்ள காத்துப் போக வழியில்லாம பெட்ரோல் எப்படி இறங்கும்?

ஊக்கால குத்தி எடுத்தேன். சொல்லாம இருந்திருக்கலாம், மனசு கேக்கல, சொல்லிட்டேன். இன்ஜின் அரை மணி நேரம் நிக்காம ஓடிச்சு. இவர் மூடியையே பார்த்துக்கிட்டிருந்தார்.

"வண்டிக்கு ஊக்கு போதும். என் முட்டிக்கு என்ன பண்ணுவே?"

மெதுவாத்தான் கேட்டார். அதுக்குப் பதிலா என்னை நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

சனிக்கிழமை விடியக்காலை வண்டியில ஏறி உட்கார்ந்தவருக்கு முட்டி மடங்கவே இல்ல, அந்த நாலு மிதி மிதிக்க முடியல. நான் பின்னாடி பிடிச்சுத் தள்ளிக்கிட்டே ஓடினேன். தெரு முனையில இன்ஜின் பிடிச்சுக்கிச்சு. எந்தக் கடையிலயும் அதை அணைக்காமலே முப்பத்திரண்டையும் முடிச்சுட்டு வந்தார். ரூட் கைவிட்டுப் போகல.

இன்னிக்கும் நான்தான் தள்ளிவிடறேன். முட்டி இன்னும் மடங்கல.