நாகம்மா அக்கா கட்டிய மூட்டைகள்

நாகம்மா அக்கா போய்விட்டார்... நேற்று காலை. வேலைக்குக் கிளம்பியவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாராம்.

எங்கள் கல்லூரியில் படித்தவர்களுக்கு அவரை நினைவிருக்கும். ஏரிக்கு நடுவே இருக்கும் பசியாவரத்திலிருந்து படகும் பஸ்ஸுமாகப் பொன்னேரி வந்து, முதல் பெல்லுக்கு முன்பே மொத்த பிளாக்கையும் பெருக்கி முடித்திருப்பார்.

நான் அங்கே சுற்றுச்சூழல் மன்றப் பொறுப்பாசிரியர். பசங்க வைத்த பெயர் 'க்ரீன் கேம்பஸ் சார்'. கேண்டீனில் ஒரு பிளாஸ்டிக் கப்பைப் பார்த்தாலும் கத்துவேன்.

பர்த்டே கேக்கோடு பிளாஸ்டிக் ஸ்பூன் கொண்டுவந்த ஒரு பெண்ணை அழவே வைத்திருக்கிறேன். அக்காதான் நடுவில் வந்தார். "வுடு சார்... ஸ்பூனுக்குப் போய் புள்ளைய இன்னாத்துக்கு இந்தத் திட்டு திட்டற?"

அவ்வளவு பெரிய யோக்கியன் நான்!

ஒரு வருஷம் க்ரீன் கேம்பஸ் இன்ஸ்பெக்‌ஷன் வருவதாக இருந்தது. ஹாஸ்டல் பின்னால் வருஷக்கணக்காகக் கிடந்த பிளாஸ்டிக்கை மூட்டை கட்டச் சொன்னேன். அக்கா வீட்டிலிருந்து வலை நூல் கொண்டுவந்து ஒவ்வொரு மூட்டையையும் இறுக்கிக் கட்டினார்.

"எங்க சார் கொட்டறது?" என்று டிராக்டர்காரர் கேட்டார்.

"எங்கயாவது கண்ணுல படாத இடமாப் பாத்துக் கொட்டுப்பா." சொன்னது நான்தான். எங்கே கொட்டினார் என்று அப்புறம் கேட்கவும் இல்லை.

மூன்று நாள் கழித்து அக்கா சாப்பாட்டுப் பையிலிருந்து ஒரு கிழிந்த சாக்கை எடுத்து என் மேஜைமேல் வைத்தார். வாய்ப்பக்கம் கட்டு அப்படியே இருந்தது.

"ஊட்டுக்காரரு வலையில வந்துச்சு சார். ஏரிக்கரையில கொட்டிட்டுப் போயிருக்காங்க. வலை பூரா கப்பு, கவரு... கிழிஞ்சே போச்சு. அன்னிக்கி எங்க பாடு சார்."

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஏரியில் இறால் கிடைக்கும் இடங்களில் குடும்பங்கள் முறை வைத்துத்தான் வலை கட்டுவார்கள். அந்த முறைதான் பாடு. ஒருநாள் வீணானால் அடுத்த முறை வரும்வரை காத்திருக்க வேண்டும்.

"வேற எங்கேர்ந்தாவது வந்திருக்கும்கா..."

"நான் போட்ட முடிச்சு எனக்குத் தெரியாதா சார்?"

க்ளாஸ் இருக்கிறது என்று எழுந்து போய்விட்டேன். அந்த நேரத்தில் எனக்கு க்ளாஸே கிடையாது.

இன்ஸ்பெக்‌ஷன் அன்று குழுவில் வந்த மேடம் ஒருவர் நேராக அக்காவிடமே போனார். "குப்பையெல்லாம் எங்கம்மா போகுது?"

அக்கா ஒருமுறை என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"மூட்டை கட்டி வண்டியில ஏத்திடுவோம்மா. சார்தான் எல்லாம் பாத்துக்குவாரு."

ஷீல்டு கிடைத்தது. மேடையேறி வாங்கியதும் நான்தான்.

அப்புறம் ஒருநாள் கேட்டேன், ஏன்கா சொல்லவில்லை என்று. "உன் மூஞ்சப் பாத்தேன் சார்... அழுதுடுவ போல இருந்துச்சு" என்றார். நான் சிரித்துவைத்தேன். அப்போதாவது மன்னிப்புக் கேட்டிருக்கலாம். அதற்குப் பிறகும் எத்தனை வருஷம், தினம் தினம் பார்த்தேன்... கேட்கவே இல்லை.

இன்று பூமாலையோடு அவர் ஊருக்குப் போனேன். ஒரே கூட்டம். ஓரமாக நின்றுவிட்டு வந்துவிடலாம் என்றிருந்தேன். அக்காவின் வீட்டுக்காரர் பார்த்துவிட்டார். வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நாகம்மா வேலை செஞ்ச காலேஜ் சாரு. ஏரியில குப்பை போடக்கூடாதுன்னு பசங்களுக்குச் சொல்லிக்குடுக்கறவரு. நாகம்மா சொல்லிக்கினே இருப்பா. வழி வுடுங்கப்பா!"

அக்கா அவரிடம்கூடச் சொல்லவில்லை.

எல்லோரும் எழுந்து எனக்கு வழி விட்டார்கள். நானும் அந்த வழியில் நடந்துபோய் மாலையைப் போட்டேன்.

அசிங்கமாக இருக்கிறது அக்கா... அங்கேயும் வாயைத் திறக்காமல் வந்துவிட்டேன்.

போய் வாருங்கள்.