தலையணைக்குள் என்ன இருந்தது

மயிலம்மாள் எழுதிய கதையில் ஒருத்தி சைக்கிளின் பின்னால் தலையணையைக் கட்டிக்கொண்டு தோட்டத்து வேலியைத் தாண்டிப் போய்விடுவாள். கதை அவ்வளவுதான்.

வெள்ளைக்கார அரசாங்கம் அவசரகாலம் அறிவித்து மூன்றாவது ஆண்டு. கோலா கிளாவாங் மலைப்பாதை ஓரத்தில் இருந்த அந்த ரப்பர் தோட்டத்தில் தொழிலாளர்கள் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்கம்பி போட்டிருந்தார்கள். காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போய்விடக் கூடாதென்று, பால்மரம் வெட்டப் போகிறவர்களைக் கேட்டில் நிறுத்திச் சோதித்தார்கள். மயிலம்மாள் தினமும் அந்தக் கேட்டைத் தாண்டினாள், தினமும் திரும்பி வந்தாள். புருஷன் காய்ச்சலில் போன பிறகு அண்ணன் முருகையா வீட்டில்தான் வாசம். முருகையா மண்டோர், முப்பது பேரை அதட்டி வேலை வாங்குகிறவன். ஒற்றை அறையில் அண்ணன், அண்ணி, பிள்ளைகள், சுவரோரமாக இவள். அவளுடைய தலையணையை எப்போதும் ஏதாவது ஒரு பிள்ளை பிடுங்கிக்கொள்ளும்.

தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி சிவானந்தன், யாழ்ப்பாணத்துக்காரர், வாசகசாலைக்கென்று ஒரு கையெழுத்துப் பத்திரிகை நடத்தினார். கதை கேட்டார், யாரும் தரவில்லை. நாலாம் வகுப்புப் படித்த மயிலம்மாள் தந்தாள். பெயர் போட வேண்டாம் என்றாள். அவர் மறதியில் போட்டுவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை எல்லாரையும் உட்காரவைத்து வாசித்துக் காட்டினார். முடித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இந்தச் சைக்கிள் வெறும் சைக்கிள் இல்லை கண்டீரோ. அது விடுதலை. வேலி, சமூகம். தலையணை, அவள் பறிகொடுத்த இல்லறம். எல்லாமே குறியீடு."

பின்னால் நின்ற மயிலம்மாளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தலையணை என்று அவள் எழுதியது தலையணையைத்தான்.

முருகையாவுக்கு வேறு அர்த்தம் கிடைத்தது.

"யாருடி அவன்?"

"எவன்?"

"தலகாணியத் தூக்கிக்கிட்டு ஒருத்தி சும்மா ஓடுவாளா? அங்க எவனோ காத்துக்கிட்டு இருக்கான்லா."

"கதையில ஆம்பளையே இல்லண்ணே."

"அதான் சந்தேகமா இருக்கு."

'விடுதலை' என்ற சொல் எப்படியோ போலீஸ் வரைக்கும் போய்விட்டது. துப்பறியும் சார்ஜன் இராஜமாணிக்கம் ஜீப்பில் வந்து இறங்கினார். தோட்டத்து ஆபீஸில் மயிலம்மாளை நிற்கவைத்தார். கிராணியும் பக்கத்தில் நின்றார்.

"தலையணைக்குள்ள என்னம்மா இருந்துச்சு?"

"பஞ்சு, சார்."

"அரிசி இல்லையே?"

"அரிசி மேல தலைவச்சுப் படுக்க முடியாதுங்க சார்."

"முடியும். ரெம்பாவ்ல ஒரு அம்மா படுத்துச்சு. புடிச்சோம்."

கிராணி தொண்டையைச் செருமினார். "சார், அது ஒரு குறியீடு மட்டுந்தான்."

"யாருக்குக் குறியீடு? காட்டுல இருக்கவனுக்கா?"

கிராணி கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

சார்ஜன் கதையை இன்னொரு தடவை நிதானமாகப் படித்தார். கடைசிப் பக்கத்தைத் திருப்பி, பின்னால் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தார்.

"கேட்டத் தாண்டிட்டா. சரி. தாண்டி எங்க போனா? ராத்திரி கர்ஃபியூ இருக்கு. ரோட்டுல நிக்க முடியாது."

அண்ணனும் கிராணியும் கேட்காத கேள்வி. எழுதியவளும் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

"சிரம்பானுக்கு, சார்" என்று வாய் தானாகச் சொன்னது. "ஆஸ்பத்திரியில ஆயா வேலைக்கு. மம்பாவ்ல ஒரு ரூம்பு."

"கூட யாரு?"

"யாரும் இல்ல."

சார்ஜன் பத்திரிகையை மூடினார். "அத எழுதியிருக்கணும்மா. எழுதாம விட்டதாலதான் நான் ஜீப் எடுத்துக்கிட்டு வர வேண்டியதாப் போச்சு." பத்திரிகையை மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

போலீஸிடம் பொய் சொல்லிவிட்டோமே என்ற பயம் மயிலம்மாளைச் சில நாள் பிடித்து ஆட்டியது. மரத்தில் கத்தி கோணலாக இறங்கியது. பிறகு ஒரு காலை, அது பொய்யாகவே இருந்துவிட வேண்டும் என்று கட்டாயமில்லை என்று அவளுக்குத் தோன்றியது. அன்றைக்கு நன்றாக வெட்டினாள்.

கிராணிதான் ஆஸ்பத்திரிக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தார். வேலை கிடைத்ததும் அவளைவிட அவருக்குத்தான் சந்தோஷம்.

"சைக்கிளிலேயே போவீரோ?"

"எனக்குச் சைக்கிள் விடத் தெரியாதுங்க."

அவர் முகம் சற்று வாடியது.

தோட்டத்து லாரி சிரம்பானுக்குப் போன நாளில் அதிலேயே ஏறிக்கொண்டாள். தலையணையைப் பிள்ளைகளிடமே விட்டுவிட்டாள். முருகையா வாசலுக்கு வரவில்லை. உள்ளேயிருந்து, "போனா திரும்பி வராதே" என்றான்.

"சரிண்ணே" என்றாள். கண் கலங்கியதை லாரியில் இருந்தவர்கள் பார்த்தார்கள்.

முதல் மாதம் மம்பாவ் அறையில் அவளுக்குத் தூக்கமே பிடிக்கவில்லை. அமைதி அப்படி இருந்தது. அப்புறம் பழகிவிட்டது. கிராணி இன்னொரு கதை கேட்டு ஆள் அனுப்பினார். நேரமில்லை என்று சொல்லி அனுப்பினாள்.

அடுத்த வருஷம் முருகையாவுக்குக் காலில் ஆறாத புண். ஆஸ்பத்திரிக்கு வந்து கட்டுப்போட்டுக்கொண்டவன், விசாரித்து விசாரித்து அவள் அறைக்கு வந்து சேர்ந்தான். கதவு சாத்தியிருந்தது. தோட்டத்தில் எந்த லயத்துக் கதவையும் காலால் தள்ளித் திறந்தே பழகிய மண்டோர், வெளியில் நின்றான்.

"மயிலு... நான்தான். உள்ள வரலாமா?"

அவள் தலை வாரிக்கொண்டிருந்தாள்.

"கொஞ்சம் இருண்ணே" என்று சொல்லி, வாரி முடித்து, கொண்டை போட்டுவிட்டுப் போய்த் திறந்தாள்.