முந்திரித் தோப்பில் ஒயின் சுற்றுலா: மாப்பிள்ளையும் நானும் ஒரு கிடாயும்

சித்திரைப் பிறப்புக்கு மறுநாள் நாங்கள் போய்வந்த ஒரு நாள் பயணத்தைப் பற்றி இது. ஒயின் தோட்டமும் பார்க்க வேண்டும், மலையும் ஏற வேண்டும் என்று விடுமுறைக்குத் திட்டம் போடுகிறவர்கள் எங்கெங்கோ விமானம் ஏறிப் போகிறார்கள். இரண்டும் புதுக்கோட்டை மாவட்டத்துக்குள்ளேயே, நாற்பது கிலோமீட்டர் இடைவெளியில் இருக்கின்றன. இதைக் கண்டுபிடித்தவன் நான்தான். எனக்கு முன் யாரும் கண்டுபிடித்ததாகத் தகவல் இல்லை.

ஆலங்குடியில் பந்தலும் பாத்திரமும் வாடகைக்கு விடும் கடை வைத்திருக்கிறேன். படிப்பு ஒன்பதாம் வகுப்பு, அதிலும் பாதி. மீதியை அனுபவத்தில் முடித்துவிட்டேன்.

என் ஒரே மகள் மலர்க்கொடியைப் பெங்களூரில் கட்டிக்கொடுத்திருக்கிறேன். மாப்பிள்ளை கார்த்திக் தங்கமான பையன். ஒரு பழக்கம் மட்டும் உண்டு. லீவு கிடைத்தால் திராட்சைத் தோட்டமும் மலையும் சேர்ந்திருக்கிற ஊராகப் பார்த்துக் கிளம்பிவிடுவார். போன ஊருக்கெல்லாம் ஒரு நோட்டில் நட்சத்திரம் போட்டு வைப்பார். இதனால் எங்களுக்கு மூன்று வருடத் தீபாவளி வீடியோ காலிலேயே முடிந்தது. என் மனைவி சுட்ட அதிரசத்தைப் போனுக்குக் காட்டிவிட்டு நாங்களே தின்றோம்.

மாப்பிள்ளை மரியாதை தெரிந்தவர். என்னிடம் ஒயின் என்ற சொல்லை எடுக்கவே மாட்டார். "பண்ணைக்குப் போயிருந்தோம் மாமா" என்பார். பண்ணையில் எதற்குக் கையில் கண்ணாடிக் கிளாஸ் என்று நானும் கேட்டதில்லை. மாமனார் முன்னால் மாப்பிள்ளை கிளாஸைத் தூக்கக் கூடாது, தூக்கினால் மாமனார் பார்க்கக் கூடாது. எங்கள் பக்கத்து முறை அது.

பங்குனியில் ஒரு நாள் போனில், இந்தத் தீபாவளிக்கும் பத்து நாள் வெளியூர் போவதாகச் சொன்னார். என் வாய் சும்மா இருக்கவில்லை. "எதுக்கு மாப்ள அம்புட்டுத் தூரம்? நம்ம பக்கமே தோட்டம் இருக்கு. ராஜா காலத்துத் தோட்டம்" என்றேன்.

 மலர் அவரிடமிருந்து போனை வாங்கினாள். "அப்பா, என்னப்பா சொல்றீங்க?"

"வந்து பாரு தாயி."

சித்திரைக்கு மூன்று நாள் வருகிறோம், தோட்டம் பிடித்திருந்தால் தீபாவளி பத்து நாளும் அங்கேதான் என்று முடிவானது. போனை வைத்ததும் என் மனைவி ஒன்றே ஒன்று சொன்னாள்: "பொய் சொல்லிப் புள்ளைய வரவைக்கிறீங்க. இனிமே நெசமாக் கூப்பிட்டாலும் வராது." அன்றிரவு எனக்குத் தூக்கம் இல்லை. கொசுவும் காரணம்.

பயண நாளன்று காலை 5.10க்கு மலரும் மாப்பிள்ளையும் நானும் கிளம்பினோம். கார் அப்துல்லாவுடையது. ஒன்பது வருடம் துபாயில் வண்டி ஓட்டியவர், என்னை அண்ணன் என்பார். ஒரு நாள் வாடகை டீசலோடு 2,400 ரூபாய். ஆலங்குடியிலிருந்து புதுக்கோட்டை இருபது கிலோமீட்டர், அங்கிருந்து திருச்சி ரோட்டில் நார்த்தாமலை இன்னொரு பதினேழு. 6.15க்கு மலையடியில் இருந்தோம்.

மலை முழுக்க ஒரே மொட்டைப் பாறை. சரிவு எண்பது டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்துல்லா ஒரு கையில் தூக்குவாளியும் மறு கையில் போனுமாகப் பேசிக்கொண்டே ஏறினார் என்பது உண்மைதான். அவர் பாலைவனத்தில் பழகியவர். நான் வழியில் மூன்று இடத்தில் உட்கார்ந்து இயற்கைக் காட்சி பார்த்தேன்.

"அப்பா, காட்சியெல்லாம் அங்கிட்டு இருக்கு. நீங்க பாறையப் பாத்துல்ல ஒக்காந்திருக்கீங்க?" என்றாள் மலர்.

"பாறையும் காட்சிதான் ஆத்தா."

மேலே சோழர் காலத்துக் கோயில், நாலாபக்கமும் காற்று. மாப்பிள்ளை நோட்டை எடுத்து மலைக்கு நாலு நட்சத்திரம் போட்டார். எனக்குப் பெருமை. அடுத்த நொடியே, "இனி தோட்டம்தானே மாமா?" என்றார். நான் கோயிலை இன்னொரு சுற்றுச் சுற்றக் கிளம்பினேன்.

8.30க்கு இறங்கினோம். அதற்கு மேல் பாறை சுடும். அறுபது டிகிரி இருக்கும், உள்ளங்காலால் அளந்தேன். புதுக்கோட்டையில் நாலு பேருக்கு இட்லி, வடை, காப்பி 310 ரூபாய். திரும்பும் வழியில் மாப்பிள்ளை கேட்டார்: "கறுப்புத் திராட்சையா மாமா, பச்சையா?"

"செவப்பும் மஞ்சளும்" என்றேன். அதுவரைக்கும் நான் சொன்னது சத்தியம்.

"மஞ்சள்ல திராட்சையா?"

அப்துல்லா கண்ணாடியைத் திருப்பி என் முகத்தைப் பார்த்தார்.  இருமினார்.

ஆலங்குடியைத் தாண்டி நாலு கிலோமீட்டரில், 10.20க்குத் தோட்டம் வந்தது. தோட்டக்காரி பஞ்சவர்ணம் எனக்குப் பழக்கம். விருந்தாளி வருகிறார், கொஞ்சம் கெத்தாக நடந்துகொள் என்று முதல் நாளே சொல்லி வைத்திருந்தேன். எங்களைப் பார்த்ததும் கையில் ஆளுக்கொரு கூடையைக் கொடுத்தாள். "கொட்டை பொறுக்க ஆளு இல்லையேன்னு இருந்தேன். மூணு பேரக் கூட்டியாந்துட்டீங்களேண்ணே!"

மாப்பிள்ளை அண்ணாந்து பார்த்தார். "அக்கா, இது முந்திரி மரந்தானே?"

"பின்ன, புளிய மரமா?"

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். மலர் தரையைப் பார்த்தாள். மனைவி சொன்னது என் காதில் மறுபடி கேட்டது. அந்த நேரத்தில்தான் காற்று திரும்பியது.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். முந்திரியில் விலை போவது கொட்டைதான். கொட்டையைத் திருகி எடுத்துக்கொண்டு பழத்தை மரத்தடியிலேயே குவித்து விடுவார்கள். சித்திரை வெயிலில் அந்தக் குவியல் புளித்துப் பொங்கி ஒரு வாசம் எழும் பாருங்கள், பெங்களூர் வரை போகும். மாப்பிள்ளை மூக்கை நிமிர்த்தினார். குவியலிடம் நடந்து போனார். கண்ணை மூடி இழுத்தார்.

"மாமா, இது அப்படியே..." என்று ஆரம்பித்து, நான் மாமனார் என்பது ஞாபகம் வந்து நிறுத்தினார். "அப்படியே பண்ணை வாசம் மாமா."

"ஒயின் வாசம்னே சொல்லுங்க மாப்ள. எனக்குக் காது கேக்காது."

அவர் சிரித்துவிட்டார். அப்புறம் மரத்துக்கு ஒரு பழமாகப் பறித்து, உப்புத் தொட்டு ருசி பார்க்க ஆரம்பித்தோம். முந்திரிப் பழம் தொண்டையைக் காறும், அதனால் மென்று சாற்றைத் துப்ப வேண்டும். பண்ணைகளிலும் ஒவ்வொரு வாயாக ருசித்துத் துப்புவதுதான் முறையாம். ஐந்து மரம் முடித்தோம். மாமனாரும் மாப்பிள்ளையும் பக்கத்தில் பக்கத்தில் நின்று, மரியாதை கெடாமல், துப்பினோம். இது வேறு எந்த ஊரில் நடக்கும்?

ஆறாவது மரத்தடியில் கிடாய் நின்றது. பஞ்சவர்ணம் கோயிலுக்கு நேர்ந்துவிட்டது. காலையிலிருந்து அந்தக் குவியலைத் தின்றிருக்கிறது. ஆடு என்றால் குறைத்துச் சொன்னதாகும். ஒரு கன்றுக்குட்டி, இல்லை, ஒரு சின்ன மாடு. கண் இரண்டும் சிவப்பு. தலையைத் தாழ்த்தி, கொஞ்சம் கோணலாக, எங்களை நோக்கி வந்தது.

நான் முதலில் மரம் ஏறினேன். கிளை தாங்குமா என்று யாராவது சோதிக்க வேண்டும். தாங்கியது, மாப்பிள்ளையையும் ஏற்றிக்கொண்டேன். கிடாய் அடிமரத்தில் ஒரு முட்டு முட்டிவிட்டு, அங்கேயே சாய்ந்து நின்று விக்கியது.

"அண்ணே, அது ஆடுண்ணே. எறங்குங்க" என்றார் அப்துல்லா, காருக்குள்ளிருந்து, கண்ணாடியை ஏற்றிவிட்டு.

இருபத்தைந்து நிமிடம் மரத்தில் இருந்தோம். மாப்பிள்ளை மெதுவாகக் கேட்டார். "ராஜா காலத்துத் தோட்டம்னீங்களே மாமா?"

"ஏதாவது ஒரு ராஜா காலத்துல இருந்திருக்கும் மாப்ள."

"சும்மாக் கூப்பிட்டிருந்தாலே வந்திருப்போமே."

"கூப்பிட்டேனே. மூணு வருசமா."

 கீழே மலர் சிரிக்கிற சத்தம் கேட்டது. என் வேட்டி ஒரு கிளையிலும் நான் ஒரு கிளையிலும் இருப்பதைப் பார்த்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். சின்ன வயதில் பந்தல் துணி சரிந்து என் தலையில் விழும்போதெல்லாம் அப்படித்தான் சிரிப்பாள்.

மாப்பிள்ளை கிளையைப் பிடித்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். "கல்யாணமாகி இவ இப்படிச் சிரிச்சு நான் பாத்ததே இல்ல மாமா" என்றார்.

அப்புறம் பஞ்சவர்ணம் கூடையோடு வந்து, "டேய் கருப்பா, வாடா" என்றாள். அந்தப் பயங்கர மிருகம் பூனை மாதிரி அவள் பின்னால் போய்விட்டது.

சாயங்காலம் மாப்பிள்ளை நோட்டில் எழுதுவதை எட்டிப் பார்த்தேன். பழத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லை. ஒரு கிடாய் படம் வரைந்து, பக்கத்தில் ஐந்து நட்சத்திரம். இதையெல்லாம் திட்டமிட்டவன் நான்தான் என்பதை இங்கே பதிவு செய்துகொள்கிறேன்.

போக நினைப்பவர்கள் பங்குனி, சித்திரையில் போங்கள். பழைய சட்டை போடுங்கள், முந்திரிக் கறை போகவே போகாது. மாப்பிள்ளையின் 3,000 ரூபாய்ச் சட்டை இப்போது எங்கள் வீட்டுக் கொடியில்தான் தொங்குகிறது. பச்சைக் கொட்டையைக் கடிக்காதீர்கள், உதடு வெந்துவிடும். மலைக்கு விடியலில், தோட்டத்துக்குப் பத்து மணிக்கு மேல். கூடை கொடுத்தால் மறுக்காமல் பொறுக்குங்கள்.

தங்குவதற்கு எங்கள் மாடி அறை இருக்கிறது, மின்விசிறியோடு, வாடகை இல்லை. ஐப்பசியில் தீபாவளியை ஒட்டி ஒரு பத்து நாள் மட்டும் கேட்காதீர்கள். அப்போது தோட்டத்தில் பழமே இருக்காதே என்று மாப்பிள்ளையிடம் சொல்லிப் பார்த்தேன். பரவாயில்லை மாமா, அதிரசம் இருக்குமில்ல என்றார்.